கடைசியில் நேராக நடப்பது நான் இல்லை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
8-3-1987

சிகாமணிக்கு,

நீ என் நொண்டி நடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படமாக்கிப் பெயர் வாங்கிவிட்டாய். கேள்வியாகக் கேட்கவில்லை, நடந்ததை எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, வசந்தா, அவள் குழந்தை எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் பாரீஸ் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அந்த நினைப்பில் எந்த மாற்றமும் இல்லை. வசந்தா இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மாப்பிள்ளை ரெட்டியார்பாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், பெரிய குழந்தைக்கு வேர்க்குரு போட்டு ராப்பகலாக அழுகிறது. ஆலையில் திரும்பவும் ஆள் குறைப்புப் பேச்சைக் கிளப்பியிருக்கிறார்கள், முதலில் குடோன் ஆட்களைத்தான் தூக்குவார்களாம், அதாவது ஏற்கெனவே கை கால் போய் குடோனில் தள்ளப்பட்ட எங்களை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். படம் எப்படி இருந்தது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு உடுங்க, புள்ள தனியாக் கெடக்குறான் என்று உன் அம்மா சொல்கிறாள். ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் என்னை வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் கூட்டிப் போனாய். வேட்டியை அவிழ்க்கச் சொல்லி உன் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாய், என் தோளில், இடுப்பில், முட்டியில், கணுக்காலில் வட்டம் வட்டமாக வெள்ளைக் காகிதம் ஒட்டினாய், அந்தப் படகிலிருந்து இந்தப் படகு வரைக்கும் நடங்க என்றாய். நான் நடந்தேன். திரும்ப நடங்க என்றாய், திரும்ப நடந்தேன். மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த ஆயம்மா என்னைப் பார்த்து, என்னாண்ணே, மாட்டுப் பொங்கல் முந்தாநேத்தே முடிஞ்சிருச்சே, இன்னும் கொம்புக்கு வர்ணம் அடிக்கலியா என்றாள். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு நீ என்னிடம் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “உங்க நடைய படம் எடுத்துட்டுப் போறேம்ப்பா. அங்க இத கம்ப்யூட்டர்ல போட்டா ஒவ்வொரு அடியும் எங்க கோணுதுன்னு கணக்கு தெரிஞ்சிரும். அப்பறம் சரி பண்ணிடலாம்.” காலுக்குப் படம் எடுப்பது என்றால் எங்களுக்கு என்ன தெரியும், ஆஸ்பத்திரியில் இருட்டு அறையில் படுக்க வைத்து எடுப்பார்களே, அந்தப் படம்தான் தெரியும். ஆலையில் மிஷின் பெல்ட் காலில் அடித்த வருஷம் எடுத்தது பரணில் பழுப்பு உறையில் இருக்கிறது, படம் எங்கே படம் எங்கே என்றுதான் எந்த டாக்டரும் கேட்கிறான். என் பிள்ளை பிரெஞ்சுக்காரன் மிஷினில் அதைவிடப் பெரிய படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். சரி பண்ணலாம் என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆலை நிர்வாகம் ஒப்பந்தம் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று மற்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். உன் பேச்சில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கும்.

நீ போன பிறகு தெரு முழுக்கச் சொன்னேன். குடோனில் சொன்னேன், சங்கத்தில் சொன்னேன், டீக்கடையில் கேட்காதவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன், பாரீசில் கால் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. இங்கே ஆஸ்பத்திரியில், எலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது, இன்னும் வயது ஏறுவதற்குள் ஒடித்து வைத்துப் பார்க்கலாம், வந்து படுங்கள் என்று கூப்பிட்டார்கள். அங்கே பெரிய இடத்தில் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் கடிதங்களில் எல்லாம் கம்ப்யூட்டர் பற்றித்தான் எழுதினாய். ஒரு விநாடிக்கு இருபத்து நாலு படம் வேண்டும், ஒவ்வொன்றையும் அது கோடு கோடாக வரைய வேண்டும், வரைந்ததை நீ திரையிலிருந்து ஒவ்வொன்றாக போட்டோ பிடிக்க வேண்டும், எந்தக் கம்பெனியும் உதவி செய்யவில்லை, வேலை செய்யும் இடத்தில் விடுமுறை நாளில் மிஷின் சும்மா கிடக்கும்போது கெஞ்சி வாங்கிச் செய்கிறேன் என்று எழுதினாய். படித்துவிட்டு உன் அம்மாவிடம், பாத்தியா, ஒரு காலுக்காக எவ்வளவு பாடு படுறான் என்று சொன்னேன். அவள் அந்தக் கடிதத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போன மாதம் அந்த அழைப்பு அட்டை வந்தது. கடற்கரைத் தெருவில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் மன்றத்தில் உன் படம் காட்டுகிறார்கள் என்று போட்டிருந்தது, உன் பெயர் இருந்தது, மேலே ஒரு பிரெஞ்சுச் சொல் இருந்தது. பக்கத்து வீட்டு தேவதாசிடம் கொண்டுபோனேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா அவன், இந்தத் தெருவில் யாருக்குப் பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் அவன்தான் படிப்பான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு என் முதுகில் தட்டினான். “தெமார்ஷ்னு போட்ருக்குடா கண்ணையா. ஆபீஸ்ல ஒரு காரியம் முடியணும்னா காயிதம் குடுத்து ஏறி எறங்குறோம் பாரு, அதுக்குப் பேருதான் தெமார்ஷ். பென்ஷனுக்கு நான் பண்ணாத தெமார்ஷா? ஒன் காலுக்கு ஆவ வேண்டியத ஆரம்பிச்சிட்டான்டா ஒம் புள்ள.” அவன் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவன் வாழ்க்கையில் ஆபீஸ் வாசலில் மட்டும்தான் கேட்டிருக்கிறான். நாமும் தமிழில் பென்ஷனுக்கு நடையாய் நடந்தேன் என்றுதானே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஒருவன் நடக்கிற நடை என்றும் பொருள் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகவே நாங்கள் எப்படிப் போனோம் என்று கேள். உன் அம்மா தீபாவளிப் புடவை, நான் சலவை வேட்டி சட்டை, தேவதாஸ் கோட்டில் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வந்தான், வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு வந்தாள். இரண்டு ரிக்ஷா வைத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரர் தெருக்களுக்குள் போனோம். ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனதைத் தவிர அந்தத் தெருக்களுக்குள் எனக்கு வேலை இருந்ததில்லை. என் கையில் பரணிலிருந்து எடுத்த அந்தப் பழுப்பு உறை. டாக்டர் வந்திருந்தால் பழைய படத்தைக் கேட்பார் இல்லையா. வாசலில் நின்ற பையன் அது என்ன என்று கேட்டான், படம் என்றேன். படமா, ஐயாவும் படம் போடப் போறாரா என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். மரியாதைக்காகச் சிரிக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

உன் படத்தைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளைக் கோடு. கீழே வரிவரியாக ஆடுகிறது, அது கடல். ஓரத்திலிருந்து ஓர் ஆள் வருகிறான், முகம் கிடையாது, துணி கிடையாது, தோல் கிடையாது, எலும்புபோல நாலைந்து கோடு. வலது இடுப்பு தூக்குகிறது, கால் அரைவட்டம் போட்டுக்கொண்டு வருகிறது, தோள் அந்தப் பக்கம் விழுகிறது, டக் என்று ஓர் அடி, சர்ர் என்று ஓர் இழுப்பு. முன் வரிசையில் யாரோ சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். வசந்தாவின் குழந்தை, தாத்தா என்று சத்தமாகச் சொல்லிக் கையை நீட்டியது. அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. சிகாமணி, ஒரு மனுஷன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறான், தன் நடையை எதில் பார்ப்பான்? பெல்ட் அடித்துப் பதினாலு வருஷம் ஆகிறது, இத்தனை நாளும் நான் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வசந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, கால்ல ஒரு சின்ன அடி, மத்தபடி ஒண்ணுமில்ல என்று சொல்லி அவர்கள் முன்னால் மிடுக்காக உள்ளேயும் வெளியேயும் போய்வந்தேன். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் இப்படியா நடக்கிறேன் என்று உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, நான் ஒருவன்தான் பார்த்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் அவமானம் அவ்வளவுதான், விழுங்கிக்கொண்டு வந்திருப்பேன். நீ விடவில்லை. நடக்க நடக்க அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக இளகின, இடுப்பு இறங்கிச் சமமானது, கால் நேராக வந்தது, இழுப்புச் சத்தம் நின்று டக் டக் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. நேராக நிமிர்ந்து நடந்து கடல் வரிகளுக்குள் போய் மறைந்தான். விளக்கைப் போட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். என் மனதில் என்ன ஓடியது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியுமா? கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முதலில் இப்போது இருக்கிற கால், பிறகு சரி பண்ணிய கால், வைத்தியத்துக்கு முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று காட்டுகிறார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா முன்னால் வந்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டாள், பக்கத்தில் ஒரு தமிழ்ப் பையன் அதைத் தமிழில் சொன்னான். நான் எழுந்தேன். கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். “தம்பி, கடைசியில நேரா நடக்குறாம் பாருங்க, அந்த மாரி ஆவ எத்தினி மாசம் ஆவும்னு அம்மாவ கேட்டுச் சொல்லுங்க.” யாருக்குங்க என்றான் அந்தப் பையன். எனக்குத்தான் என்று சொல்லி உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

அந்த அம்மா இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், கண் கலங்கி என்னென்னவோ சொன்னாள். பையன் குரலைத் தணித்துக்கொண்டு, இது வைத்தியம் இல்லீங்கய்யா, கலை, உங்க புள்ள மனசுல நெனச்சுப் பண்ணது, கம்ப்யூட்டர்ல எந்தக் கால வேணும்னாலும் நேராக்கலாம் என்றான். தெமார்ஷ் என்றால் நடை என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். தேவதாஸ் மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் எழுந்து, ஐயாவே வந்திருக்கிறார் என்றால் இங்கிருந்து திரை வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டினால் படத்தில் எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறார் என்று தெரியும் என்று சொன்னார். நல்ல தமிழில், பணிவாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றால் என்ன, வெளியே வருவதற்கு வேறு வழி உண்டா? வாசல் அந்தக் கோடியில் இருந்தது. நடந்துதான் ஆக வேண்டும், நடந்தேன். அத்தனை பேரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இழுக்காமல் வைக்க முயற்சி செய்தேன், அது இன்னும் கோணியது. பாதி வழியில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். ஆலை வாசலில் சங்கத்தின் கேட் மீட்டிங்கில் நான் பேசி முடித்தால் தட்டுவார்கள், அது என்ன என்று எனக்குத் தெரியும். நொண்டிக்கொண்டு போனதற்குத் தட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு கேட் மீட்டிங்குக்குப் போகிறேன், மேடை ஏறுவதில்லை. படி ஏறும்போது என் பின்னால் நிற்கிறவன் என்ன பார்க்கிறான் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில், என்னா கண்ணையா, பாரீசு டாக்டரு இன்னா சொன்னாரு என்று கேட்கிறார்கள். முதல் நாள் இன்னும் பதில் வரவில்லை என்று சொன்னேன், மறுநாளிலிருந்து அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும், இந்த வயதில் இனி ஒடித்தால் சேராது என்று சொல்லிவிட்டார்கள். வலது செருப்புக்கு மட்டும் அடி உயர்த்தித் தைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள், தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதற்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை, புத்தி கெட்டவன் நான்தான். உன் அம்மாவோ, கடைசியில நல்லாத்தான நடந்துச்சு, இன்னொருக்கா காட்டுனா பாக்கலாம் என்கிறாள். நேற்று அவளிடம் சத்தம் போட்டேன். அது யாரு நடை தெரியுமா, எனக்குப் பெல்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நான் அப்படியா நடந்தேன் என்று கேட்டேன். அவள் சொன்னாள். “ஒங்க நடை இல்லீங்க. அது அவன் நடை. பெட்டியத் தூக்கிக்கினு பஸ்சுக்குப் போனாம் பாருங்க, அப்ப இப்பிடித்தாம் போனான்.”

அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். உனக்கு நேரான நடைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, உன் உடம்பிலேயே காகிதத்தை ஒட்டிக்கொண்டு நடந்து அளந்திருப்பாய். நீ என்னைச் சரி பண்ணவில்லை, என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உன்னை வைத்திருக்கிறாய். முதல் பாதியைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை, நான் அப்படித்தான் நடக்கிறேன். அன்றைக்கு ஆலை டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழில் லேசான ஊனம் என்றுதான் இருந்தது, உன் கம்ப்யூட்டர் அவனைவிட யோக்கியமாகக் காட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் காலை ஒடித்தது யார் என்று உன் படத்தில் இல்லை. மூடி போடாமல் ஓடவிட்ட பெல்ட் இல்லை, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிய மானேஜர் இல்லை. குணமாக்கியது யார் என்றும் இல்லை. தானாக நொண்டுகிறான், தானாக நிமிர்கிறான், பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் நிம்மதியாகப் போவதற்கு என் கால் எதற்கு? இந்தக் கோணல் இனி என்னோடு எரிகிறவரைக்கும் இப்படியேதான் இருக்கப் போகிறது.

மார்கழிக் குளிர் போனாலும் அங்கே பனி பெய்யும் என்று எழுதியிருந்தாய், கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. வசந்தாவுக்கு ஏப்ரலில் ஆகும் என்கிறார்கள், மாமன் என்று அவளுக்கு இரண்டு வரி எழுது. நீ நன்றாக இருக்க வேண்டும், இன்னும் பெரிய வேலைகள் எல்லாம் செய்ய வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஜூன் மாதம் வேறொரு ஊரில் பெரிய விழாவில் இதே படத்தைக் காட்டப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் கால் நேராகிற அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிடு. இழுத்துக்கொண்டு நடக்கிறவன் இழுத்துக்கொண்டே கடைசிவரை போகட்டும், கை தட்ட விரும்புகிறவர்கள் அதற்குத் தட்டட்டும். வெட்டுவாயா மாட்டாயா, உன் கையெழுத்தில் எனக்கு எழுது, அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

உன் அப்பா,
கண்ணையன்